அர்-ராஸி கேட்கத் தவறிய கேள்வி

விலாவெலும்பு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, முதுகுப் பக்கமாக எழும் வலிக்கு நம் இல்லங்களில் பெயர்கள் பல. வாயுப் பிடிப்பு என்பார்கள். சூட்டு வலி என்பார்கள். பளு தூக்கியதால் வந்த சுளுக்கு என்பார்கள். நோயாளி துடித்தால் கல்லடைப்பு என்பார்கள். பெயர் சூட்டிய கையோடு மருந்தும் வந்து சேரும். ஓமத் தண்ணீர், இளநீர், வாழைத்தண்டுச் சாறு, தைலம், ஒன்றும் கேட்கவில்லையெனில் மருந்துக் கடையில் இரண்டு வலி மாத்திரை. வலி தணிந்துவிட்டால் சூட்டிய பெயர் சரியென்றே முடிவு செய்துகொள்கிறோம். தணியாவிட்டால் பெயரை மாற்றுகிறோம்.

சிறுநீரகம் இருக்கும் இடத்தில் வலிப்பது வேறு. சிறுநீரகமே வலிப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய மனித குலம் பட்ட பாடு நெடியது. அந்த வரலாற்றில் பெரும் மருத்துவர்களும் இடறியிருக்கிறார்கள். அவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன். அரபியர் அவரை ஜாலீனூஸ் என்றழைத்தனர். யூனானி ஹகீம்களுக்கு இன்றும் அப்பெயரே பழக்கம். அவருக்கே ஒருமுறை வயிற்றின் ஆழத்தில் தமரூசியால் துளைப்பது போன்ற வலி கண்டது. சிறுநீர்க் குழாயில் கல் சிக்கிக்கொண்டது என்று அவர் உறுதியாக நம்பினார். சதாப்பிலை எண்ணெயைக் குதவழியே செலுத்திக்கொண்ட பின்னர், உருகிய கண்ணாடி போன்ற சளிப்பொருள் மலத்துடன் வெளிப்பட்டது, வலியும் நின்றது. கல் எதுவும் இருக்கவில்லை. வலித்தது குடல். உலகுக்கு மருத்துவம் கற்பித்தவர் தம் உடலைத் தாமே பார்த்து ஏமாந்த அச்செய்தியைத் தம் நூலில் மறைக்காமல் எழுதிவைத்தார்.

நோய் கண்டவர் தாமே முடிவு கட்டாமல் வல்லவரை நாடுவது நம் மார்க்கத்தில் முன்னோடி உள்ள வழக்கமாகும். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் நேரில் சென்று, நெஞ்சின் மீது கை வைத்துப் பார்த்து, ஸகீஃப் குலத்து ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பணித்தார்கள் என்னும் செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஹாரிஸ் அக்காலத்தில் மருத்துவத் தொழில் புரிந்து வந்தவர்.

இந்தப் பின்னணியில்தான் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸக்கரிய்யா அர்-ராஸியின் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும். ஈரானின் ரய் நகரில் 865இல் பிறந்து, ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கி, 925இல் (ஹிஜ்ரி 313) மறைந்தவர் அவர். சிறுநீரகக் கல்லையும் சிறுநீர்ப்பைக் கல்லையும் பற்றித் தனி நூலே எழுதினார். குலஞ்ச் எனப்படும் குடல் வலியைப் பற்றி இன்னொரு நூல் எழுதினார். அவர் மறைந்த பின் அவருடைய குறிப்புகளைத் தொகுத்து உருவானதே 'அல்-ஹாவீ' என்னும் பெருந்தொகுப்பு. 1279இல் சிசிலியின் யூத அறிஞர் ஃபரஜ் இப்னு ஸாலிம் அதனை இலத்தீனில் பெயர்த்தார். அத்தொகுப்புக்குள் உண்மையான நோயாளிகளைப் பற்றிய சுருக்கமான பதிவுகள் சில உள்ளன. கேம்பிரிட்ஜ் அறிஞர் இ. ஜி. பிரவுன் 1921இல் வெளியிட்ட அரபு மருத்துவம் பற்றிய நூலில் அவற்றுள் ஒன்றை ஆங்கிலத்தில் தந்தார்.

நோயாளியின் பெயர் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா. அவருக்குக் காய்ச்சல் ஒழுங்கின்றி வந்துகொண்டிருந்தது. சில வேளை நாள்தோறும், சில வேளை ஒருநாள் விட்டு ஒருநாள், சில வேளை ஆறு நாளுக்கு ஒருமுறை. காய்ச்சலுக்கு முன் இலேசான நடுக்கம் இருக்கும். அடிக்கடி சிறுநீர் பிரிந்தது. ராஸி இரண்டில் ஒன்று என்றார்: நான்காம் நாள் முறைக் காய்ச்சலாக இது மாறும், அல்லது சிறுநீரகத்தில் புண் உள்ளது. சில நாளிலேயே சிறுநீரில் சீழ் வெளிப்பட்டது. இரண்டாவது ஐயமே உண்மை என்று விளங்கியது. சீழ் நிற்கும் வரை சிறுநீர் பெருக்கும் மருந்துகளையும், அதன் பிறகு முத்திரை மண், குங்கிலிய வகைப் பிசின் முதலியவற்றையும் கொடுத்தார். ஏறத்தாழ 2 மாதத்தில் நோயாளி நலமடைந்தார்.

இத்துடன் முடித்திருந்தால் அது வெற்றிக் கதையாகப் போயிருக்கும். ராஸி மேலும் எழுதுகிறார். முதலிலேயே திட்டவட்டமாகச் சொல்ல முடியாமல் போனது ஏன் என்று தம்மைத் தாமே விசாரிக்கிறார். அந்நோயாளிக்கு முன்பும் முறைக் காய்ச்சல்கள் வந்திருந்ததால் கவனம் அப்பக்கம் சென்றுவிட்டது. எழுந்து நிற்கும்போது இடுப்பில் ஏதோ பாரம் கட்டித் தொங்குவது போலிருக்கிறதா என்று தாம் கேட்கவில்லை. நோயாளியும் தாமாகச் சொல்லவில்லை. சீழ் வெளிப்பட்ட பிறகு கேட்டபோது, ஆம், இருந்தது என்றார் அவர். நோயாளியின் தகப்பனாருக்குச் சிறுநீர்ப்பை பலவீனம் இருந்ததும் ராஸிக்கு அப்போது தெரியாது.

பதினொரு நூற்றாண்டுக்கு முந்திய இப்பதிவில் நுண்ணோக்கி இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. ஆயினும் சிறுநீரகத் தொற்றைக் கண்டறிய இன்றைய மருத்துவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இதில் அடங்கியுள்ளன. காய்ச்சல் உண்டா, குளிர் நடுக்கம் உண்டா, சிறுநீர் எத்தனை முறை, அதன் நிறம் என்ன, இடுப்பில் பாரம் உண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் இவ்வகை நோய் உண்டா. விலா வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால், சிறுநீர் வராமல் நின்றுபோனால், வாந்தி நிற்காவிட்டால், அல்லது கருவுற்ற பெண்ணுக்கு அவ்வலி வந்தால், கஷாயத்தை வைத்துக்கொண்டு விடியும் வரை காத்திருத்தல் தகாது. இரவாயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ராஸிக்குப் பின் வந்த இப்னு ஸீனா (980–1037) இவ்வேறுபாட்டை வரிசைப்படுத்தித் தந்தார். 'அல்-கானூன்' நூலில் அவர் கூறும் அடையாளங்கள் சுவையானவை. குடல் வலி பரந்தது. கல் வலி சிறிய இடத்தில் முள் போல் குத்துவது. குடல் வலி கீழே வலப்புறம் தொடங்கி மேலும் இடமுமாகப் படரும். சிறுநீரக வலி மேலே தொடங்கிச் சற்று இறங்கித் தன் இடத்தில் தங்கும், முதுகுப்புறம் சாய்ந்திருக்கும். வயிறு வெறுமையாக இருக்கையில் சிறுநீரக வலி மிகும் என்றும், அது சிறுகச் சிறுகத் தொடங்கும் என்றும் எழுதினார். கடைசியாகச் சொன்னதை இன்றைய மருத்துவர்கள் அப்படியே ஏற்பதில்லை. கல் நகரத் தொடங்கினால் வலி திடீரென்று வரலாம், அடிவயிறு கடந்து தொடையிடுக்கு வரை இறங்கலாம். ஆனால் எங்கே தொடங்கியது, எங்கே சென்றது, எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று வலியைப் பின்தொடர்ந்து செல்லும் முறை மாறவில்லை.

ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தபோது இப்னு ஸீனா குலஞ்ச் நோயைப் பற்றித் தனி நூல் எழுதினார். பிறகு அதே நோய் அவரைப் பற்றியது. விரைவில் குணமாக வேண்டுமென்று ஒரே நாளில் 8 முறை குதவழி மருந்து செலுத்திக்கொண்டதையும், அதனால் குடல் புண்ணானதையும் அவருடைய மாணவர் அல்-ஜூஸ்ஜானீ எழுதியிருக்கிறார். ஹிஜ்ரி 428இல் ஹமதானில் மறைந்தார். தம் நோயின் பெயரை அவர் நன்கறிந்திருந்தார். அவருக்கு இல்லாமற்போனது பொறுமை. அவசர மருத்துவம் அறிஞரையும் விட்டுவைக்கவில்லை.

இதற்கிடையில் நோயாளியின் சிறுநீரே சாட்சியாக அழைக்கப்பட்டது. கைரவானில் வாழ்ந்த யூத மருத்துவர் இஸ்ஹாக் அல்-இஸ்ராஈலீ சிறுநீரைப் பற்றி அரபியில் எழுதிய நூல் ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது. யூனானியில் இச்சோதனைக்குக் காரூரா என்று பெயர். தமிழ்ச் சித்தர் மரபிலும் நீர்க்குறி, நெய்க்குறி உண்டு. விடியற்காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பு போல் நீண்டால் வாதம், மோதிரம் போல் வட்டமிட்டால் பித்தம், முத்துப் போல் நின்றால் கபம் என்று தேரையர் பெயரால் வழங்கும் நூல்கள் கூறும். எண்ணெய்த் துளியின் வடிவத்தைக் கொண்டு இன்று சிறுநீரக நோயை முடிவு செய்ய இயலாது. எனினும் அவர்கள் பார்த்த திசை பிழையன்று என்பதை 1827இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் மெய்ப்பித்தார். உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். முட்டை வெண்கரு போல் அது திரைந்தது. சிறுநீரகம் புரதத்தைக் கசிய விடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் வண்ணப் பட்டை, அந்தக் கரண்டியின் வழித்தோன்றல்தான்.

படம் பிடிக்கும் கருவிகளின் கதையை விரைந்து சொல்லிவிடலாம். 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கண்டறிந்தார். மறு ஆண்டே கிளாஸ்கோவில் ஜான் மக்கின்டயர் சிறுநீரகக் கல்லை எக்ஸ்ரேயில் காட்டினார். அதே நகரில் 1958இல் இயன் டொனால்டு அல்ட்ராசவுண்டை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். 1971இல் சி.டி. ஸ்கேன் வந்தது. இவை வந்த பிறகு ஒரு புதிய வகை நோயாளியும் தோன்றினார்: "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்டு, வலியோடு வீடு திரும்புபவர். யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. முதுகுத் தண்டிலிருந்து வரும் நரம்பு அழுந்தினாலும் அதே இடத்தில் வலிக்கும். அக்கி வெளியே கொப்புளிப்பதற்குச் சில நாள் முன்பே விலாவில் எரிச்சலும் வலியும் வரலாம். ருகூவில் குனியும்போதும் ஸுஜூதிலிருந்து எழும்போதும் கூடுகின்ற வலி பெரும்பாலும் தசையையோ முதுகெலும்பையோ சேர்ந்தது. கல் வலி கொண்டவர் எப்படிப் படுத்தாலும் நிலைகொள்ளாமல் புரள்வார். இந்த வேறுபாட்டை எந்தப் படமும் காட்டாது. நோயாளிதான் சொல்ல வேண்டும்.

வலியே இல்லாத நிலையைப் பற்றியும் கூறியாக வேண்டும். சிறுநீரகம் நாட்பட்டுச் செயலிழக்கும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர், எனக்குத்தான் இடுப்பு வலி இல்லையே என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை. தமிழ்நாட்டரசு 2023இல் 'சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீர்ப் பரிசோதனையைத் தொடங்கியது இதனால்தான்.

கேள்விகளின் வரிசையில் இன்னொன்றைச் சேர்த்தவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் அவர் எழுதிய நூலில், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றுடன் "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் கேட்குமாறு அறிவுறுத்தினார். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது 20ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டது.

டான்யூப் ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய பால்கன் சிற்றூர்களில் உழவர் குடும்பங்கள் காரணம் தெரியாமல் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. அரை நூற்றாண்டு ஆராய்ச்சிக்குப் பின், கோதுமை வயலில் களையாக வளர்ந்த ஒரு கொடியின் விதை மாவில் கலந்ததே காரணம் என்று தெளிந்தது. அதற்கு வழிகாட்டியது பிரஸ்ஸல்ஸ் நகரம். அங்கே உடல் மெலிவதற்கென்று மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை வான்ஹெர்வெகெம் என்னும் மருத்துவரும் உடனிருந்தோரும் 1993இல் வெளியிட்டனர். மாத்திரையில் வேறொரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்துச் செடி சேர்ந்திருந்தது. பால்கன் களையும் அவ்வினமே. நம் ஊரில் ஆடுதீண்டாப்பாளை என்றும் ஈசுவரமூலி என்றும் வழங்கும் செடிகளும் அந்த இனத்தைச் சேர்ந்தவை என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். மூலிகை என்பதால் தீங்கில்லை என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. சிறுநீரகம் அந்த நம்பிக்கையை மதிப்பதில்லை. ஆங்கில மருந்தும் விலக்கன்று. தலைவலித் தூளையும் வலி மாத்திரையையும் ஆண்டுக்கணக்கில் விழுங்கியவர்களின் சிறுநீரகம் சிதைந்திருப்பதை 1953இல் சுவிட்சர்லாந்தின் ஸ்பூலர், ஸோலிங்கர் ஆகிய இருவர் எடுத்துரைத்தனர். காரணம் தெரியாத வலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை உண்பவர், அக்காரணத்தோடு இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்கிறார்.

இலங்கையின் வடமத்திய மாகாண நெல் உழவரிடமும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் பரவியுள்ள சிறுநீரக நோய்க்கு ஒற்றைக் காரணம் இன்றுவரை நிறுவப்படவில்லை. வெயிலும் நீரிழப்பும் பங்காளிகள் என்ற கருத்து வலுத்து வருகிறது. தமிழகத்து உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தாரும் வெப்ப நெருக்கடியையும் சிறுநீரகப் பாதிப்பையும் ஒருங்கே கண்டனர். கழிப்பிடம் இல்லாததால் அங்கே பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வளைகுடா நாடுகளில் வெட்டவெளியில் வேலை செய்து சிறுநீரகம் கெட்டுத் திரும்பிய நேபாள இளைஞர்களைப் பற்றிய செய்திகள் பல வந்துள்ளன. நம் சமுதாயத்தில் வளைகுடாவுக்கு ஒருவரையேனும் அனுப்பாத தெரு அரிது. விடுப்பில் வந்திருக்கும் மகன் "இடுப்பு கொஞ்சம் வலிக்கிறது அத்தா" என்றால், அங்கே எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கிறான், எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது என்று கேட்பதும் நோயறிதலின் பகுதியே.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு குடிகாட்டுக்கு வரலாம். கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி 1980களில் சிப்காட் தொழில் வளாகம் எழுந்தது. மருந்து மூலப்பொருள், பூச்சிக்கொல்லி முதலிய வேதிப்பொருள்கள் அங்கே உருவாகின்றன. அவ்வாலைகளுக்கு இடையில் வாழும் ஊர் குடிகாடு. 2004இல் இப்பகுதிச் சிற்றூர்களின் மக்கள் சிலர் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழுவாகத் திரண்டு, ஒரு பழக்கத்தை மேற்கொண்டனர். துர்நாற்றம் வீசும்போதெல்லாம் நாள், நேரம், காற்று வந்த பக்கம், வாடை எதைப் போன்றது, உடலில் என்ன உணர்ந்தோம் என்று எழுதிவைத்தனர். எளிய வாளிக் கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை உட்படப் பல வேதிப்பொருள்கள் அம்மாதிரிகளில் காணப்பட்டன. "நாறுகிறது" என்று வாயால் சொன்னபோது கிடைக்காத செவி, எழுதிக் காட்டியபோது கிடைத்தது.

அம்முயற்சி காற்றைப் பற்றியது. சிறுநீரகத்தைப் பற்றியது அன்று. குடிகாட்டில் ஒருவருக்கு இடுப்பு வலித்தால் ஆலைதான் காரணம் என்று சொல்லிவிடுவதும் வாயுப் பிடிப்பு என்று சொல்லிவிடுவதைப் போன்ற அவசரமே. எனினும் பாதரசம், காட்மியம், ஈயம், சில கரைப்பான்கள் ஆகியவை சிறுநீரகத்தைத் தாக்கவல்லவை என்பது மருத்துவப் பாடநூல் அறிந்த உண்மை. ஆகவே ராமஸ்ஸினியின் கேள்வி அங்கே கட்டாயம் கேட்கப்பட வேண்டும். புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் ஒருவருக்கு ஒதுக்கக் கூடியது சில நிமிடங்களே. வரிசை வாசல் வரை நிற்கும். அவர் கேட்கத் தவறினால் நாம் சொல்ல வேண்டும்: எந்த ஆலையில், எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை, குடிப்பது ஆழ்குழாய்க் கிணற்று நீரா, குழாய் நீரா, வீட்டில் வேறு யாருக்கு இத்தகைய வலி, எந்த மாத்திரை, எந்தச் சூரணம், எத்தனை மாதமாக.

அப்பகுதி மக்கள் செல்லக்கூடிய இடங்கள் தொலைவில் இல்லை. கடலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை உள்ளது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கப்பட்ட இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. வடக்கே புதுச்சேரியில், 1823இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த ஜிப்மர் உள்ளது. சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தத்தில் கிரியாட்டினின், அல்ட்ராசவுண்ட் ஆகிய மூன்றும் முதல் படி. ஓரிடத்தில் எடுத்த முடிவுத் தாள்களை அடுத்த இடத்துக்குக் கொண்டு செல்லாமல், ஒவ்வொரு மருத்துவரிடமும் புதிதாகத் தொடங்குவோர் நம்மில் மிகுதி. ஆறு மாதத்துக்கு முந்திய கிரியாட்டினின் அளவும் இன்றைய அளவும் அருகருகே இருந்தால்தான் சிறுநீரகம் எப்பக்கம் செல்கிறது என்று மருத்துவர் காண முடியும். ஹஜ்ஜுக் காகிதங்களையும் வீட்டுப் பத்திரத்தையும் பாதுகாக்கும் அதே பீரோவில், வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வைக்க இடம் இருக்கும்.